இரும்புக் கொக்கி இல்லாத வார்

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது நான் ஒரு மனிதரின் கண்ணைக் கெடுத்தேன். அவர் முடி திருத்துகிறவர். என்னைவிட மூத்தவர். அந்தக் காலத்தில் நேரில் அவரை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவேன்.

ஞாயிறுதோறும் எஸ்டேட்டுக்கு வருவார். முதலில் என் வீட்டு வாசலில் எனக்குச் சவரம், அதற்குப் பிறகுதான் கூலியாட்களின் லைன் வீடுகள். ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே ஓர் அறை பிடித்து, நாற்காலியும் கண்ணாடியும் போட்டுக் கடை வைத்தார். இனிமேல் கடைக்கே வந்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். பி.ஏ. படித்தவன் அவன் கடை தேடிப் போவதா என்று முகத்தில் தாடி முள்ளாகக் குத்தும்வரை பொறுத்தேன். பிறகு போனேன்.

நாற்காலியில் எங்கள் எஸ்டேட் கூலியாள் ஒருவன் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"நான் அப்பறமா வாரனுங்க. ரைட்டருக்குப் பாத்து உடுங்க."

கடைக்காரர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "பாதி மொகத்தோட எங்க போவ? உன்னயப் பாத்தா பஸ்ஸே நிக்காது." என் பக்கம் திரும்பி, "செத்த பெஞ்சுல உக்காருங்க. அடுத்தது நீங்கதானுங்க" என்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ் நிற்காது என்றதற்குத்தான் சிரித்திருப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததாகவே அப்போது எனக்குப் பட்டது.

சுவரில் கத்தி தீட்டும் தோல் வார் தொங்கியது. அதைப் பிடுங்கி அவர் முகத்தில் அடித்தேன். பிடி என் கையில், இரும்புக் கொக்கி மறுமுனையில். கீழே விழுந்த பிறகும் அடித்தேன். கூலியாள் என் காலைக் கட்டிக்கொண்டு "போதுமுங்க, போதுமுங்க" என்றான். அவன் முதுகிலும் போட்டேன். கொக்கி எந்த அடியில் கண்ணில் இறங்கியது என்று தெரியாது. கண்ணாடியில் ரத்தம் தெறித்திருந்தது. அதற்கு நடுவே என் முகம் தெரிந்தபோதுதான் கை நின்றது.

முதல் அடி விழுந்தபோது அவர் கையில் கத்தி திறந்திருந்தது. அவர் அதை மடக்கி மேஜைமேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் முகத்தை மூடிக்கொண்டார். நான் எல்லோரிடமும், "அவன் கத்தியை ஓங்கினான், நான் தடுத்தேன்" என்றேன். நம்பினார்கள். கடையில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கேஸ் இல்லை.

அதன் பிறகு மலையில் எனக்குச் சவரம் செய்ய யாரும் வரவில்லை. சேலத்தில் ஒரு கத்தி வாங்கினேன். தீட்டுவதற்கு வார் வேண்டும். "தோல்லயே ஒண்ணு வாங்கிக்கறதுதானுங்க?" என்றாள் என் மனைவி. இந்த மூடுபனியில் தோல் பூஞ்சை பிடித்துவிடும் என்றேன். பூஞ்சை பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தோல் வார் ஒன்றை இன்னொரு முறை கையில் பிடிக்க என்னால் முடியாது என்பதைச் சொல்லவில்லை.

காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் மெஷினில் ஓடித் தேய்ந்த கேன்வாஸ் பெல்ட் ஒன்று குடோனில் கிடந்தது. ஒரு முழத்துக்குச் சற்று அதிகமாக வெட்டி, சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். எண்ணெய்க் கறுப்பு போகும்வரை தேய்த்தேன். ஈரத்தோடு இழுத்துக் கட்டி, காப்பி உலர்த்தும் களத்தில் காய வைத்தேன். காய்ந்ததைப் பலகைமேல் விரித்து, நூல் படிந்து வழவழப்பாகும்வரை பாட்டிலால் உருட்டினேன். பிறகு பார் சோப்பைத் தேய்த்தேன். ஒரு முனைக்கு மரப்பிடி. மறுமுனையை ஜன்னல் கம்பியில் மாட்டக் கொக்கி வைக்கவில்லை, கயிற்று வளையம் தைத்தேன்.

வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். திருப்புவது முதுகின்மேல். ஒருநாள் கவனமில்லாமல் கூரின்மேல் திருப்பிவிட்டேன். அவ்வளவு கெட்டியான கேன்வாஸ் சத்தமே இல்லாமல் பிளந்தது. அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று அவர் கையை ஒருமுறை வீசியிருந்தால் போதும்.

ஒற்றைக் கண்ணோடு அவரும் கடையை நடத்திப் பார்த்தார். தூரம் பிடிபடவில்லை. ஒருவரின் காதை அறுத்துவிட்டாராம். கடையை மூடிவிட்டு, மனைவியின் ஊரான கிளியூருக்கே போய்விட்டார். பழகினால் கை திரும்பலாம், மறுபடி கத்தி பிடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு வார் செய்தேன், என்னுடையதைவிட நல்லதாக. அதைக் கொடுத்து மன்னிப்புக் கேட்பதென்று கிளியூருக்கு நடந்தேன்.

வாசலில் அவர் மனைவி அருவாளால் விறகு பிளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கையில் வார் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தாளில்கூடச் சுற்றி எடுத்துப் போகவில்லை. அது அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அருவாளை ஓங்கிக்கொண்டு கதவை மறித்து நின்றார். "இன்னொரு கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. அதுக்கு வந்தீங்களா?"

"இல்லைம்மா, இது..."

"கீழ போடுங்க."

போட்டேன்.

"கத்திய ஓங்குனாருன்னு ஊரெல்லாஞ் சொன்னீங்களே. இப்ப நான் ஓங்கறனுங்க. இதையும் போயிச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "ஆரு புள்ள?"

"நாயிங்க. தொரத்தீட்டேன்."

வாரை எடுத்து விறகுக் கட்டைமேல் வைத்து வெட்டினார். உருட்டி உருட்டி இறுக்கிய துணி லேசில் அறுபடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டிக்கொண்டே இருந்தார். நான் மேட்டில் ஏறி ரோட்டுக்கு வரும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து நான் சவரம் செய்வதில்லை. தாடியைப் பற்றிக் கேட்பவர்களிடம் பழனிக்கு வேண்டுதல் என்று சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் பொய். அவர் கத்தியை ஓங்கவில்லை. மடக்கி வைத்தார்.