சிவப்பு நூல் தைத்த கோட்டு

பழைய துணி வாங்குவதில் எனக்கு வெட்கமே இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இருந்தது. இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

சந்தை நாளில் ஜெகதளா பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்துப் பழைய ஸ்வெட்டரும் கோட்டும் கொட்டி வைப்பார்கள். நான் கண்ணால் தேடுவதில்லை, கையை உள்ளே விடுவேன். முப்பத்தைந்து வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல், நல்ல கம்பளி எது என்று தொட்டதும் சொல்லிவிடும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு வேலைக்குப் போனவள் நான். எதன்மேல் எது எடுப்பாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதைப் பார்த்துத்தான் என் மருமகள் போனில் ஒரு பக்கம் தொடங்கினாள். நான் உடுத்தி நிற்பேன். அவள் படம் எடுத்து, எங்கே வாங்கியது, எதற்கு எது சேரும் என்று நாலு வரி எழுதிப் போடுவாள். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் புகழ்ந்து எழுதுவார்கள். அவள் வாசிக்க, நான் காதில் விழாத மாதிரி வெங்காயம் உரிப்பேன். ஒருமுறை மட்டும் ஒருத்தர், 'செத்தவங்க துணியா இருக்கும்' என்று எழுதியிருந்தார். அது என் மனதில் தைத்துவிட்டது.

போன மாசியில் ஒரு பழுப்புக் கோட்டு கைக்கு வந்தது. கனத்த கம்பளி. வெளியே இழுத்தால், மூன்றாவது பொத்தான் சிவப்பு நூலில் தைத்திருந்தது. யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் அடுத்த வீட்டுக்காரியின் புருஷன் அந்தக் கோட்டோடுதான் கொழுந்து எடை போடுவார். அந்தப் பொத்தானைச் சொல்லி நாங்கள் சிரிக்காத நாள் இல்லை. அவர் தவறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேண்டாம் என்றுதானே கொடுத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையில் திணித்தேன்.

மறுநாள் காலை குழாயடியில் அவளே கேட்டாள்.

"ஏனுங்க்கா, நீங்கதான் சந்தையில துணி கிளறுவீங்களே. அவரு கோட்டு கண்ணுல பட்டுதுங்களா? கருமாதி முடிஞ்சதும் பையன் என்னைக் கேக்காம மூட்டை கட்டிக் குடுத்துட்டானுங்க. ஒண்ணரை மாசமாத் தேடுறேன்."

"இல்லியே கண்ணு," என்றேன்.

பை அப்போது என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். தெரிந்தே எடுத்தேன் என்று அவள் வாயில் வந்துவிடுமோ என்று பயம். கோட்டின் மேலும் ஆசை. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் சோப்பு போட்டு ஊற வைத்து, இரண்டு நாள் பின்பக்கம் யாரும் பார்க்காத இடத்தில் காயப்போட்டேன்.

கடுகு மஞ்சள் சேலைக்கு அது அப்படி எடுப்பாக இருந்தது. மருமகள் கேட்டாள், "அத்தே, சந்தையில எடுத்ததுன்னு போடட்டுங்களா?"

"உங்க மாமனாருதுன்னு போடு. ஊட்டி டைலர்கிட்டத் தெச்சது."

"மாமா கோட்டு போட்டு நான் பாத்ததே இல்லையே."

"நீ வாக்கப்பட்டு வர்றதுக்கு முந்தி," என்றேன்.

நான் சொன்னபடியே அவள் எழுதினாள். இதுவரை போட்டதிலேயே அந்தப் படத்தைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்களில் அடுத்த வீட்டுக்காரியின் தங்கை மகளும் ஒருத்தி.

அவள் காட்டியதைப் பார்த்து வந்த அடுத்த வீட்டுக்காரி சண்டை போடவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"உங்க ஊட்டுக்காரருக்கும் சிவப்பு நூல்லதான் பொத்தான் தெச்சீங்களாக்கா?"

ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவள் காலரை மூக்கில் வைத்து மூச்சை இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள்.

"தொவச்சுட்டீங்களா?"

"ஆமா கண்ணு."

"பீடி வாசம்கூட இல்லீங்க்கா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனாள்.

மருமகள் அந்தப் படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டாள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். பொய்யை வாயால் சொல்லி எழுத வைத்தேன், இந்த உண்மையை நானே எழுதுகிறேன் என்று நோட்டு வாங்கினேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுதி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று.

குழாயடியில் அவள் முன்போலவே பேசுகிறாள். கோட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நான் இன்னும் சந்தைக்குப் போகிறேன். ஆனால் வாங்கியதை உடனே துவைப்பதில்லை. ஒரு வாரம், எல்லார் கண்ணிலும் படும்படி முன்வாசல் கொடியில் போட்டு வைக்கிறேன்.