கரிக்கலாம்பாக்கத்து நீலக்கோடு

ஜெசிந்தா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் மணப்பட்டில் ஒரு படகுக்கு ஸ்டிக்கர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் கணவர் அந்தோணிதான் போனில் கூப்பிட்டார். "அண்ணா, ஜெசி காலைல போயிட்டா." இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். எதிர்பார்க்காத செய்தியென்று சொல்ல முடியாது. இருந்தும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "இன்னாய்யா சொல்ற, நேத்து கூட எங்கிட்ட சண்ட போட்டாளே" என்று அந்த நல்ல மனிதரிடம் கத்திவிட்டேன். அந்தோணி, அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வில்லியனூரில் எங்கள் டிசைன் கடைக்கு பேனருக்கும் பத்திரிகைக்கும் வந்த உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். பதினோரு வருடம் நானும் அவளும் கூட்டாளிகள். ஒப்பாரி வைக்க நான் இதை எழுதவில்லை. அவள் ஜெயித்ததைச் சொல்ல எழுதுகிறேன். என்னையும் சேர்த்துத்தான் ஜெயித்தாள்.

ஆரம்பத்தில் எங்கள் கம்ப்யூட்டர் ஒரு குப்பைத்தொட்டி. ஒரே பேனருக்கு 'கடைசி', 'கடைசி புதுசு', 'சத்தியமா கடைசி' என்று ஏழெட்டு ஃபைல் கிடக்கும். திருக்கனூர்ப் பக்கம் ஒரு காதணி விழா. வீட்டுக்காரருக்கும் மச்சானுக்கும் சண்டை. தாய்மாமன் படத்தை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். பிறகு சமாதானமாகி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். அச்சுக்கு அனுப்பியதோ மாமன் இல்லாத ஃபைல். சீர்த்தட்டோடு வந்த மனிதர் பந்தல் வாசலில் பேனரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி நடந்தார். அவர் மடியில்தானே குழந்தையை உட்கார வைத்துக் காது குத்த வேண்டும்? ஜெசி ஓடிப்போய், தப்பு கடையுடையது என்று அவரிடம் சொல்லிக் கூட்டி வந்தாள்.

மறுநாளே கிட் என்ற ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகச் சேமிக்க வைத்திருக்கும் ஏற்பாடு அது. "நமக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி?" என்றேன். எங்கள் படங்களையெல்லாம் அவள் எஸ்விஜி வடிவத்துக்கு மாற்றியிருந்தாள். ஒரு படத்தை நோட்பேடில் திறந்து காட்டினாள். வட்டம், கோடு, நிறம் எல்லாம் வரிவரியாக எழுத்தில் இருந்தன. "படம்னு நெனக்காதண்ணா. இது எழுதி வச்சது. எந்த வரி மாறுச்சுன்னு அதுவே காட்டிடும்." அன்றிலிருந்து ஃபைல் ஒன்றுதான், பழையதெல்லாம் அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் குறிப்பு எழுத வேண்டும்: என்ன மாறியது, ஏன், யார் சொன்னது. வாடிக்கையாளர் கொடுத்த காகிதத்தையும் ஸ்கேன் செய்து கூடவே வைக்க வேண்டும்.

எனக்கு எரிச்சலான எரிச்சல். அச்சகத்தில் நம்முடைய தமிழ் எழுத்துரு இருக்காது என்று நான் எழுத்தையெல்லாம் கோடுகளாக மாற்றிச் சேமிப்பேன். நம் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அப்படிச் செய்தால் பெயர் தப்பாக இருந்தாலும் தேடிப் பிடிக்க முடியாது. "அச்சுக்குப் போற நகல்ல இன்னா வேணா பண்ணு. நம்ம ஃபைல்ல எழுத்து எழுத்தாவே இருக்கட்டும்" என்று தினம் அவளிடம் ஒரு பாட்டு வாங்குவேன்.

கரிக்கலாம்பாக்கத்தில் வீட்டுமனை போட்டு விற்ற ஒருவர் விளம்பர வரைபடம் கேட்டு வந்தார். அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வரைவில் கிழக்கு ஓரமாக ஒரு வாய்க்கால் இருந்தது. ஜெசி அதை நீலக்கோடாக வரைந்தாள். அவள் டயாலிசிஸுக்குப் போயிருந்த ஒரு நாள் அவருடைய ஆள் வந்து, "அந்த நீலம் அசிங்கமா கீது, எடுத்துடுண்ணா" என்றான். எடுத்தேன். குறிப்பில் 'நீலக்கோடு எடுத்தாச்சு' என்று மட்டும் போட்டேன். யார் சொன்னது என்று எழுதச் சோம்பல்.

அந்த வாய்க்கால் செம்மண் கொட்டித் தூர்க்கப்பட்டது. மனைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் நெல் வைத்திருந்த பெருமாள், எங்கள் வரைபடத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். "வாய்க்காலே இல்லன்னு அந்த மனைக்காரன் இதக் காட்டித்தான் சொல்றான். எம் பயிரு தண்ணி இல்லாம நிக்குது. நீங்க சோறுதான துன்றீங்க?"

பெருமாள் புகார் கொடுத்தார், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரணை என்றார்கள். முந்தின நாள் நான் ஜெசியிடம் கெஞ்சினேன். "அந்த மாத்தத்துல எம் பேரு மட்டும் இல்லாம பண்ணிடேன்." அவள் என்னைத் திட்டவில்லை. "பண்ணலாம்ண்ணா. முடியாததுன்னு இல்ல. ஆனா ஒரு எடத்துல கை வச்சா மீதிய எவன் நம்புவான்? பெருமாளண்ணன் பயிரு காஞ்சிடும்."

டயாலிசிஸ் ஊசி ஏற்றிய கை வீக்கத்தோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் சேமிப்பைத் திறந்தாள்: நீலக்கோடு இருந்தது, பக்கத்திலேயே மனைக்காரரின் கையெழுத்திட்ட வரைவும் இருந்தது. அடுத்து, நீக்கப்பட்ட ஏழு வரிகள் சிவப்பில். கீழே என் பெயர். மனைக்காரர் சிரித்தார். "கடைக்காரரே எடுத்திருக்காரு. நாங்க சொன்னோம்னு எங்கனா எழுதியிருக்கா?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் எழுந்தேன். "எடுத்தது எங் கை. யாரு சொன்னதுன்னு எழுதாததும் எந் தப்பு. ஆனா வாய்க்கால் இருந்துச்சு. இவரு குடுத்த பேப்பர்லயே இருக்குது, பாருங்க." மனைக்காரர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சர்வேயர் நேரில் போய் அளந்தார், வாய்க்காலின் பழைய எல்லைக்கல் அகப்பட்டது. அந்த வாரமே மண்ணை வாரினார்கள். தண்ணீர் வந்த காலையில் ஜெசி வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பெருமாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் போகம் அவர் அறுத்தார்.

வரைபடத்தைத் திருத்தும் வேலையும் எங்களிடமே வந்தது. நீலக்கோட்டைத் திரும்ப வைத்துவிட்டுக் குறிப்பில் 'சொன்னது: கொம்யூன் அலுவலகம்' என்று அடித்தேன். ஜெசி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத அழிண்ணா. அங்க எழுந்து நின்னு சொன்னது யாரு? உம் பேரப் போடு."

போட்டேன். ஜெசியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு குறிப்புகள்தான். வாய்க்காலை எடுத்தவன் என்று ஒன்றில் என் பெயர் இருக்கிறது, வைக்கச் சொன்னவன் என்று மற்றதில் இருக்கிறது. இரண்டையும் நான் அழிக்கப்போவதில்லை.