பெரியம்மா பேருக்கு ஒரு கவர்

யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தால், உள்ளே இருப்பதைப் படிப்பதற்கு முன்னால் கவரின் மேல் எழுதியிருக்கும் பெயரைத்தான் நான் பார்ப்பேன். அது எனக்கு எழுதியதுதானா, வேறு யாருக்கோ எழுதியதை அவசரத்தில் என் கையில் கொடுத்துவிட்டார்களா, முகூர்த்தத்தன்று போய் நின்றால் 'நீங்க எங்க இங்க' என்று யாராவது கேட்டுவிடுவார்களா என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் மாப்பிள்ளை யார் என்று பார்க்கத் தோன்றும். வீட்டில் சிரிப்பார்கள். அவர்கள் யாரும் பத்து வயதில் உட்கார்ந்து ஒரு கல்யாணத்துக்குக் கவர் எழுதியவர்கள் இல்லை.

அது அத்தையின் கல்யாணம். அப்பாவின் தங்கை. எருமப்பட்டியிலிருந்து உள்ளே போனால் எங்கள் தோட்டம், அதில் ஒரே வாசலுக்கு எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்களும் அத்தையும் இருந்தோம். மற்றதில் பெரியம்மா இருந்தார். அப்பாவுடைய அண்ணனின் மனைவி. பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை. பெரியம்மாவும் அவருடைய எருமையும்தான் அந்த வீட்டில் இருந்த உயிர்கள்.

கவர்களுக்குப் பெயர் எழுதும் பொறுப்பை அம்மாவின் தம்பி ஏற்றுக்கொண்டார். மாமாவுக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் எழுத்து வேலை. லாரியின் நெற்றியில் சாமி பெயர், கதவில் முதலாளி பெயர், பின்னால் பிள்ளைகளின் பெயர் எல்லாம் அவர் கை. பட்டை முனைப் பேனா ஒன்று, அரக்கு மை, தங்க நிறப் போஸ்டர் கலர், முடி மாதிரி மெல்லிய பிரஷ் என்று ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திறங்கினார்.

"டேய், பழக்க தோசத்துல கடைசில ஒலி எழுப்பவும்னு எழுதி வெச்சிராத" என்றார் அம்மா.

"கலியாணத்துக்கு வர்ற ஒறம்பரைக எழுப்பாமயே ஒலி எழுப்புவாங்க, உனக்கெதுக்குக் கவலை" என்றார் மாமா.

அவர் எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொல்லிக் கொடுக்கவெல்லாம் இல்லை, அவருக்கு அதற்குப் பொறுமையும் கிடையாது. அரக்கு மையில் எழுத்தை ஓட்டிவிட்டு, அது காய்ந்ததும் ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்பக்கமாகத் தங்க நிறத்தில் ஒரு நிழல் கொடுப்பார். அந்த நிழல் விழுந்ததும் எழுத்து தாளைவிட்டு எழுந்து நிற்கும். பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு வாலை இழுத்து, பெயருக்கு அடியிலேயே திரும்ப ஓட்டிக்கொண்டு வந்து முதலெழுத்தின் காலடியில் விடுவார். எல்லாப் பெயரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தே இருக்கும். எந்நேரமும் கிளம்பிவிடப் போகிற மாதிரி.

இரண்டு நாள் எழுதினார். மூன்றாம் நாள் காலையில் பட்டறைக்காரர் வண்டியில் வந்து, ஒரு லாரி எப்சி சோதனைக்குப் போக வேண்டும், நெற்றி வெறுமையாக நிற்கிறது என்று சொல்லி அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மஞ்சள் பை இருந்தது. முக்கால்வாசிக் கவர்கள் வெறுமையாக இருந்தன. அப்பாவின் கையெழுத்தை அப்பாவாலேயே படிக்க முடியாது. அத்தை கல்யாணப் பெண், அவள் எழுதக்கூடாது. யாரும் பார்க்காதபோது நான் ஒரு கவரில் எழுதி, தங்க நிழலும் கொடுத்து, வாலையும் இழுத்து வைத்தேன். அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது உம்பட தம்பி எழுதுனதா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"உங்க பொண்ணு எழுதுனதுங்க."

"தேவலாமே" என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம். மிச்சக் கவர்கள் எல்லாம் எனக்கு வந்துவிட்டன. பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்துபோயிற்று. அங்கே படித்ததில் முக்கால் பங்கு மறந்தும் போயிற்று. அந்தக் கவர்கள் மட்டும் வரிசையாக ஞாபகத்தில் இருக்கின்றன.

கவர் பறக்கும் என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். எழுதி முடித்தவற்றைத் தரை முழுக்கப் பரப்பி, நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, அதில் நான் உட்கார்ந்திருப்பேன். ஓட்டுச் சந்து வழியாக ஒரு விரல் அகலத்துக்கு வெயில் இறங்கி, கவர்கள் மேல் மெதுவாக நகரும். வெயில் பட்ட பெயரின் தங்க நிழல் மட்டும் எரியும், பிறகு அடுத்த பெயருக்குப் போகும். மையின் வாசமும் புழுக்கமும் சேர்ந்து கண்ணைச் சொருகும். அப்போது அந்தப் பெயர்கள் எல்லாம் லாரிகளாகிவிடும். ஓமலூர்ச் சித்தப்பா ஒரு லாரி. மேட்டூர் அணையில் வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட அத்தையின் வீட்டுக்காரர் ஒரு லாரி. ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல், எங்கள் தோட்டத்துத் தடத்தில் அவை திரும்பி வரும். நெற்றியில் என் எழுத்து. உள்ளே குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வருவார்கள். கண்ணைத் திறந்தால் வெயில் இன்னொரு கவருக்குப் போயிருக்கும்.

அப்படிச் சுகமாக இருந்ததை மாமாதான் கெடுத்தார். ஒருநாள் மத்தியானம் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர், சும்மா இருக்கமாட்டாமல் சொன்னார்:

"பாத்து எழுது சாமி. மண்டபத்துல பந்தி வாசல்ல மீசை வெச்ச ஒரு ஆளு நிப்பாரு. கவருல பேரப் பாத்துட்டுத்தான் எலை போடுவாரு. கவர் இல்லாட்டி சோறு இல்ல."

"எங்களுக்குக் கவர் இல்லீங்களே மாமா?"

"உங்கப்பன் மூஞ்சியப் பாத்தா உட்டுருவாங்க. உங்கம்மா உங்கப்பன் கணக்கு. நீ உங்கம்மா கணக்கு."

அவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பயம் பிடித்தது. எங்களுக்கு அப்பாவின் முகம் இருக்கிறது. எழுதின கவரிலெல்லாம் ஏதோ ஓர் ஆணின் பெயரும் அதன் கீழே 'குடும்பத்தினர்' என்ற சொல்லும் இருக்கின்றன. அப்படியானால் பெரியம்மா யார் கணக்கு? அப்பா கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் விரல் வைத்துப் பார்த்தேன். பெரியம்மா இல்லை. பந்தி வாசலில் மீசைக்காரர் கையை நீட்டி மறிக்க, பெரியம்மா வெறுங்கையோடு திரும்பிப் போவது மாதிரி ஒரு காட்சி மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் எனக்கே சோறு இறங்கவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "பெரியம்மாவுக்குங்கப்பா?"

"பெரியம்மா நம்ம ஊட்டாளு சாமி. ஊட்டாளுக்கு ஆராச்சும் பத்திரிகை வெப்பாங்களா? அன்னிக்கு ஊட்டயும் உருப்படியயும் பாத்துக்க அவங்கதான் இருக்காங்க."

உருப்படி என்றால் மாடும் எருமையும். எங்கள் இரண்டு வீட்டு வளவில் எந்த விசேஷம் வந்தாலும் பெரியம்மாதான் வீட்டுக்குக் காவல் இருப்பார் என்பது எனக்கும் தெரியும். எல்லோரும் வேனில் ஏறும்போது வாசலில் நின்று கையசைப்பார். திரும்பி வரும்போது தாம்பூலப் பையில் போட்டுக் கொண்டுவரும் லட்டுக்குக் காத்திருப்பார். அவருக்குக் கால்வலி, கூட்டம் பிடிக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரியம்மாவும் ஆமாம் என்பார். ஆனாலும் ஒருவேளை அவருக்கு வரத் தோன்றிவிட்டால்? அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. தோன்றி, வந்து, வாசலில் மறித்துவிட்டால்?

எழுதிவிடுவது என்று முடிவு செய்து கவரை எடுத்து வைத்துப் பேனாவைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது, எனக்கு அவர் பெயர் தெரியாது. எங்கள் வீட்டு நாயின் பெயர் தெரியும். எருமையின் பெயர்கூடத் தெரியும். அம்மாவிடம் கேட்டதற்கு, "அக்கா பேர நான் சொல்லலாமா? பெரியம்மான்னு எழுது போ" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். 'பெரியம்மா' என்று எழுதினால் மீசைக்காரர் யாருடைய பெரியம்மா என்று கேட்கமாட்டாரா?

பெரியம்மா எருமைக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, உங்க பேரு என்னங்க?"

அரிவாள் நின்றது. "என்ற பேரா? ஏஞ்சாமி, பேங்குல இருந்து ஆள் வந்திருக்குதா?"

"இல்லீங்க. சும்மாதானுங்க."

பெட்டியின் அடியில் எப்போதோ மடித்துப் போட்டதைக் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி கொஞ்ச நேரம் எருமையைப் பார்த்தார். பிறகு சொன்னார். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று பார்ப்பது போல இன்னொரு தரம் சொன்னார். அழகான பெயர். கடைசி எழுத்து வால் விடுவதற்கென்றே அமைந்த எழுத்து.

அந்த ஒரு கவருக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. இரண்டு கவர்களைப் பாழாக்கினேன், அவற்றைத் தவிட்டுப் பானைக்குள் ஒளித்தும் வைத்தேன். மூன்றாவதில் 'திருமதி' போட்டு, பெயர் போட்டு, 'அவர்கள்' போட்டு, பழக்கத்தில் 'குடும்பத்தினர்' என்றும் போட்டுவிட்டேன். வாலை எழுத்துக்கு அடியில் ஓட்டிக்கொண்டு வந்து முடிக்கும் வரை மூச்சையே விடவில்லை. மீசைக்காரருக்குக் கண் சரியாகத் தெரியாவிட்டாலும் படிக்கும்படி நிழலை இரண்டு தரம் கெட்டியாக வைத்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டேன்.

வெறுமனே கொடுத்தால் செல்லாது என்று பயம். அப்பாவும் அம்மாவும் வீடு வீடாகப் போய் அழைப்பதைப் பார்த்திருந்தேன். அதேபோல ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ், மேலே கவர் என்று வைத்து எடுத்துக்கொண்டு வாசலைக் குறுக்கே கடந்து போனேன்.

"கலியாணம் வெச்சிருக்கறமுங்க. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணுமுங்க."

பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கவரை எடுத்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரல் ஒவ்வோர் எழுத்தாகப் போய், வால் போன வழியே திரும்பி வந்து, முதலெழுத்தில் நின்றது.

"குடும்பத்தினரா? ஆரு சாமி? எருமையா?"

"எருமைக்கு எலை போடுவாங்களான்னு மாமாகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க."

வெற்றிலையையும் பாக்கையும் எடுத்துக்கொண்டார். குங்குமச் சிமிழைத் திறக்காமல் தட்டிலேயே விட்டுவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் ஞாபகப்படுத்தினேன். "அது உங்கம்மாளுக்கு வெச்சுக்க" என்றார்.

கல்யாணத்தன்று நாங்கள் வேனில் ஏறியபோது, எப்போதும் போல அவர் வாசலில் நின்று கையசைத்தார். எனக்கு நிம்மதிதான். வரவில்லை என்றால் மறிக்கவும் முடியாது.

மண்டபம் நாமக்கல் ரோட்டின் மேலேயே இருந்தது. வாசலில் பன்னீர் தெளிக்கும் வேலை எனக்கு. பந்திப் பக்கம் அடிக்கடி ஓடிப்போய்ப் பார்த்தேன். மீசை வைத்தவர்கள் ஏராளம், ஆனால் யாரும் கவரைக் கேட்கவில்லை. மாமாவிடம் போய்க் கேட்டேன். அவருக்குச் சொன்னதே மறந்திருந்தது. ஞாபகம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பியபோது, டவுன் பஸ்ஸிலிருந்து பெரியம்மா இறங்கிக்கொண்டிருந்தார்.

சந்தன நிறத்தில், நான் பார்த்தேயிராத ஒரு பட்டுச் சேலை. மடிப்பு மடிப்பாக அதில் கோடு விழுந்திருந்தது. கவரை நெஞ்சுக்கு நேராக, பெயர் வெளியே தெரியும்படி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் பன்னீர் தெளித்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டார்.

"அக்கா, ஊட்டுல ஆருங்க இருக்காங்க?"

"பூட்டிட்டு வந்தேன் அம்மிணி. உருப்படிக்குத் தட்டுப் போட்டிருக்கு."

அம்மா அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவின் முகம் கறுத்துத்தான் வந்தது. பெரியம்மா கவரை நீட்டினார். அப்பா வாங்கிப் படித்தார். மாமாவின் எழுத்து மாதிரி இருந்ததால் முதலில் மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பன்னீர்ச் செம்புக்குள் பார்த்தேன். மறுபடியும் கவரைப் படித்தார். அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. பிறகு இரண்டு கையாலும் கவரைத் திருப்பிக் கொடுத்து, "வாங்க அண்ணி" என்றார். தானே முன்னால் நடந்து, மேடைக்கு எதிரே மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தார்.

அட்சதைத் தட்டை நான்தான் கொண்டுபோனேன். பெரியம்மாவின் முன்னால் நீட்டியதும் பக்கத்தில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்து "அக்கட்டால போ" என்பது போலக் கண்ணைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை, நகரவில்லை. பெரியம்மா ஒரு பிடி அள்ளிக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரோடும் எழுந்து நின்று எறிந்தார். அது மேடை வரைக்கும் போகவில்லை. முன்வரிசைக்காரர்களின் தலையில்தான் விழுந்தது.

தாலி கட்டி முடிந்ததும் பந்திக்கு எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் பெரியம்மாவுக்கு இடம் பிடித்து வைத்தேன். ஆள் வரவில்லை. தேடிக்கொண்டு வெளியே ஓடினால், அவர் ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க அண்ணி."

"எருமைக்குத் தண்ணி காட்டோணும். நேரமாச்சு, நான் வாரேன்."

பஸ் வந்தது, ஏறிவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் சாப்பிட வேண்டும் என்றுதானே அத்தனை கெட்டியாக எழுதினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது அவருக்கு. மடியில் கவர். பஸ் திரும்பும் வரைக்கும், யாரையும் பார்க்காமல், சிரித்துக்கொண்டே போனார். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போகிறவர் எதற்காக அப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.