சொட்டு மருந்து இல்லாத மாதங்கள்

தை, இரண்டாம் வாரம்: இடது கண்ணுக்குப் பார்வைப்புலச் சோதனையும் நரம்பின் ஸ்கேனும் நடந்தன. முந்தைய ஆண்டைவிட மாற்றமில்லை.
மாசி, பௌர்ணமிக்கு மறுநாள்: என் மனைவி இறந்தாள்.
பங்குனித் தொடக்கம்: பதினாறாம் நாள் காரியம். வீடு கழுவப்பட்டது.
ஆனி, முதல் வாரம்: அதே சோதனைகள் மீண்டும் நடந்தன. பார்வைப்புலத்தின் மேற்பகுதி குறைந்திருந்தது.

எனக்குக் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய். வலது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே பிரியும். படிப்பதும் செங்கம் சாலையைக் கடப்பதும் இடது கண்ணின் பொறுப்பு. அதற்கு இரவுதோறும் ஒரு சொட்டு மருந்து. நான் நாற்காலியில் தலையைச் சாய்ப்பேன். மனைவி இமையை விலக்கிச் சொட்டை விடுவாள். "மூடிக்கங்க. கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்பாள்.

திறந்து வைத்த பண்டம் எதுவும் தீட்டுக் கழித்த வீட்டில் இருக்கக் கூடாது. காரியத்தன்று, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த என் தமக்கை ஃபிரிட்ஜைக் காலி செய்தாள். மாவு, பால், ஊறுகாய் ஆகியவற்றோடு கதவுத் தட்டில் நின்ற மருந்துக் குப்பியும் போயிற்று. முறைப்படி அவள் செய்தது சரி. இரவில் எவரும் என் இமையைத் தொடவில்லை என்பது, வீட்டில் நின்றுபோன பல காரியங்களில் ஒன்றாகவே எனக்குப் பட்டது. மருந்து வேறு, மனைவி வேறு என்று பிரித்து எண்ணத் தோன்றவில்லை. கண் மருத்துவமனையிலிருந்து நினைவூட்டல் வந்த பிறகே குப்பியைத் தேடினேன்.

சோதனை எடுக்கும் பெண்ணுக்கு எங்கள் இருவரையும் நெடுநாளாகத் தெரியும்.

"அம்மா வரலீங்களா சார்?"

"வரலை."

"பரவால்லியே, தனியா வந்துட்டீங்க! அவங்க இருந்தா ஒரு டீ குடிக்க வுட மாட்டாங்க. மொதல்ல டெஸ்ட்ட முடிங்கன்னு நிப்பாங்க."

வலது கண்ணை மறைத்துக் கட்டினாள். நான் தாடையைக் கருவியின் தாங்கியில் வைத்தேன். வெண்ணிறக் குழிவுக்குள் எங்காவது ஓர் ஒளிப்புள்ளி தோன்றும். கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும்.

"நடுவுல இருக்கற லைட்டயே பாருங்க. சைடுல தேடக் கூடாது."

தேடவில்லை. கருவி உறுமி உறுமி இடம் மாறிக்கொண்டிருந்தது. எங்கோ புள்ளிகள் தோன்றி மறைகின்றன என்பதை அந்த ஒலியால்தான் அறிந்தேன்.

"தூங்கிட்டீங்களா சார்?"

"இல்லை."

மருத்துவர் தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தார். "டயர்டா இருந்தா இந்த டெஸ்ட் தப்பா வரும். ஆனா ஸ்கேன்லயும் நரம்பு மெலிஞ்சிருக்கு. மருந்து போட்டீங்கதானே?"

நடந்ததைச் சொன்னேன். அவர் தாள்களைக் கோப்பில் செருகினார்.

"போனது திரும்பாது சார். இருக்கறத காப்பாத்த ஆபரேஷன் பண்ணிடலாம். பௌர்ணமி தவிர எந்த நாள்னாலும் சொல்லுங்க, அன்னிக்கு கிரிவலக் கூட்டத்துல வண்டி உள்ள வராது. அப்புறம் சில வாரம், பகல்லயே பல தடவ மருந்து விடணும். வீட்ல யார் இருக்காங்க?"

"யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

புதுக் குப்பி வாங்கிவிட்டேன். அண்ணாந்து நானே விட்டுக்கொள்கிறேன். கண்ணுக்குள் விழுந்ததா என்று சொல்ல ஆளில்லாததால், இரண்டாவது சொட்டும் விடுகிறேன். அது கன்னத்தில் இறங்கிவிடுகிறது.

செய்யாமல் இருப்பவை:
எறிந்தவற்றில் என்ன இருந்தது என்று தமக்கைக்குத் தெரியப்படுத்துவது. இதைச் செய்யப் போவதில்லை.
அறுவை சிகிச்சைக்கு நாள் சொல்வது.
பெங்களூரிலுள்ள மகளை அழைத்து, சில வாரம் வந்து இரு என்று கேட்பது.