முதல் இரண்டு இழுப்பு

என் அக்கா வீட்டுக்காரரை ஊரே பைண்டர் என்றுதான் கூப்பிடும். வீட்டின் முன்னறைதான் நோட்டு பைண்டிங் பட்டறை. அவர் அட்டை ஒட்டுவார், அக்கா தாளை மடித்துத் தைப்பாள். அவர் கை இரண்டும் நாள் முழுக்க மணிக்கட்டு வரை பசை. அவள் கை மட்டும் சுத்தமாக இருந்தாக வேண்டும். தாளில் ஒரு கறை பட்டாலும் வசவு விழும். அதனால் அவருடைய சிகரெட்டைப் பற்ற வைப்பதும் அவள் வேலையாயிற்று. தன் வாயில் வைத்து, குச்சி உரசி, கங்கு பிடிக்கிறவரை இரண்டு இழுப்பு இழுத்து, பிறகு அவர் உதட்டில் செருகுவாள். நாளைக்குப் பன்னிரண்டு. "அக்கா வாய் பட்டாத்தான் மாமாவுக்கு சிகரெட்டே ருசிக்கும்" என்று நானும் பல்லை இளித்திருக்கிறேன்.

போன வருடம் அவருக்கு மூச்சு இரைத்தது. டாக்டர் மிரட்டினார். மனுஷன் அன்றே நிறுத்திவிட்டார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அடித்த தம்பட்டம் இருக்கிறதே, அதற்குப் புகையே தேவலை. நோட்டு வாங்க வந்தவர், வழி கேட்க வந்தவர், ஒருவரையும் விடவில்லை. "மனசுல உறுதி வேணும்யா. முடியலைங்கிறவன் எல்லாம் கோழை."

மூன்றாம் மாதம் அக்கா குளியலறையில் சிகரெட்டும் கையுமாக அகப்பட்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், வாடிக்கையாளர் எதிரில் நின்றாலும் சரி, "எங்க, ஊது பாப்போம்" என்பார். ஐம்பது வயதுப் பெண் அவர் மூக்குக்கு நேரே வாயைத் திறந்து ஊதுவாள்.

எட்டாம் மாதம் டாக்டர் தன் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் வைத்தார். சிகரெட்டை விட்டவர்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நானும் போயிருந்தேன். பைண்டர் புதுச் சட்டையோடு மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு யார் துணையும் இல்லை. நான் விட்டேன், என் வீட்டுக்காரி பிடிச்சா! பாத்ரூம்ல திருட்டு தம்! எந்திரிடி, எல்லாரும் பாக்கட்டும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா எழுந்து நின்றாள். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இருமல் வந்தது, லேசில் நிற்கவில்லை.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எத்தனை வருஷமாம்மா பிடிக்கிறீங்க?"

"அஞ்சு மாசம் இருக்கும் டாக்டர்," என்று பைண்டர் முந்திக்கொண்டார். கையில் கூட்டத்தில் கொடுத்த கேடயம்.

"இருபத்தாறு வருஷம்," என்றாள் அக்கா. "முதல் ரெண்டு இழுப்பு எப்பவும் என்னுதுதான் டாக்டர். இவரு விட்ட அன்னைக்கு எனக்கும் கை நடுங்குச்சு, தலை சுத்துச்சு. என்னன்னு யாரும் கேக்கல."

நானும் கேட்கவில்லை. டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, இடம் மாற்றி மாற்றி ரொம்ப நேரம் கேட்டார்.

"நாளைக்குக் காலைல எக்ஸ்ரே எடுத்தாகணும். தள்ளிப் போடவே கூடாது."

"நாளைக்கா?" பைண்டர் கேடயத்தை மறு கைக்கு மாற்றினார். "ஐந்நூறு நோட்டு நிக்குது டாக்டர். யாரு மடிக்கிறது?"

அந்த இடத்திலேயே அவரை அறைந்திருப்பேன். அதற்குள் அக்கா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமா டாக்டர். நோட்டு முடிஞ்சதும் வரேன்."