நெடுங்கரைத் தோட்டத்து மகிழமரம்

நெடுங்கரை அரண்மனையில் இப்போது குடியிருக்கிற ஒரே ஆள் சுவிசேஷமுத்து. வயது அறுபத்தாறு. அரண்மனை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தர்பார் மண்டபத்துக்குக் கூரை கிடையாது. அதன் பர்மா தேக்கு உத்தரங்களைப் பங்காளிகள் கழற்றி விற்றுவிட்டார்கள். மாடிப்படி இருக்கிறது, மாடி இல்லை. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் தாமிரபரணி தோட்டத்துக்குள் ஏறி வந்து, குளத்து நடுவிலிருந்த கல்மண்டபத்தில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. மிச்சம் இருப்பது கோட்டைவாசல், அதை ஒட்டிய காவல் அறை, அப்புறம் பதினாலு ஏக்கர் தோட்டம். அந்த அறையில்தான் அவர் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு கிடக்கிறார்.

தோட்டத்தின் கதை தனி. பெரிய ராஜா ஒருமுறை பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பங்களாவைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டுவிட்டார். மேடும் பள்ளமுமாகப் புல்தரை, வளைந்து வளைந்து போகிற பாதை, ஆறு வரைக்கும் பார்வையை மறைக்காதபடி மரங்கள். ராஜாவுக்கு ஆசை வந்தால் கேட்கவா வேண்டும்? அந்தப் பங்களாவில் தோட்டவேலை பார்த்த சுவிசேஷமுத்துவின் தாத்தாவைக் குடும்பத்தோடு வண்டியேற்றிக் கூட்டிவந்துவிட்டார். கால்வாயிலிருந்து ஓடை வெட்டி, குளம் தோண்டி, மலேயாவிலிருந்து கன்றுகள் வரவழைத்து, காடாகக் கிடந்த இடத்தைத் தோட்டமாக்கப் பன்னிரண்டு வருஷம் ஆனதாம். திரும்பக் காடாக்குவதற்கு ஜமீன் ஒழிப்பும் நாற்பது வருஷக் கோர்ட் வழக்கும் போதுமாக இருந்தன.

ராஜா வீட்டில் பிள்ளை பிறந்தால் தோட்டத்தில் ஒரு மரம் நடுவது வழக்கம். கடைசியாக நட்டது எழுபத்தொன்பதில், ராஜாவின் கொள்ளுப்பேத்தி கோமதி நாச்சியார் பிறந்த அன்று. ஒரு மகிழங்கன்று. குழி தோண்டியவர் சுவிசேஷமுத்து. அப்போது அவருக்கு இருபது வயது. பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது குடும்பம் மெட்ராஸுக்குப் போய்விட்டது. மரம் இங்கேயே நின்றது. ஓடை வற்றிய வருஷங்களில் ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். சம்பளம் நின்றுபோன பிறகும் ஊற்றினார். "பெத்த பிள்ளைக்கு ஒரு நாளாவது இப்படித் தண்ணி மோந்து குடுத்திருப்பீரா?" என்று மனைவி பிரிஸில்லா சண்டை பிடிப்பாள்.

அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் டார்லின் கோயம்புத்தூரில். கிறிஸ்மஸுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாலு பேரோடு பேசலாம். மற்ற ஆறு நாளும் வாயைத் திறக்க வேலை இல்லை. தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே சில சாயங்காலம் பைபிளிலிருந்து சங்கீதம் ஒன்றைச் சத்தம் போட்டுப் படிப்பார். தனிமை மனுஷனை அரித்துக்கொண்டிருந்தது, பொய் சொல்வானேன்.

போன பங்குனியில் அம்பாசமுத்திரத்துத் தரகர் சிவகணேஷ் வந்தார்.

"தோட்டத்தை மொத்தமா குடுக்காவ அண்ணாச்சி. பிளாட் போடப் போறாங்க. வெள்ளிக்கிழமை கோமதியம்மா வாராவ. ஒரு தடவை பாத்துட்டு, பத்திரத்துல கையெழுத்து."

"மரமெல்லாம்?"

"மரத்தை வச்சுக்கிட்டு பிளாட் போட முடியுமா அண்ணாச்சி?"

எல்லா மரத்தையும் காப்பாற்றிவிடலாம் என்று நம்புகிற அளவுக்கு அவர் அப்பாவி இல்லை. ஒன்றே ஒன்று போதும். கோமதியை அந்த மகிழமரத்தடிக்குக் கூட்டிப்போய், இது உங்கள் மரம் என்று காட்டிவிட வேண்டும். தெரிந்த பிறகு வெட்டக் கொடுக்க மனசு வருமா? வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்த மூன்று நாளும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கோட்டைவாசலுக்கு ஒரு முறை உண்டு. ராஜா குடும்பத்தார் வந்தால்தான் பெரிய கதவு திறக்கும். திறப்பவன் தோட்டக்காரன். தோட்டத்து எலுமிச்சம்பழம் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, முன்னால் நடந்து கூட்டிப்போக வேண்டும். வந்து சேரும்வரை வாசலை விட்டு அவன் அசையக் கூடாது. தாத்தா நின்றார், அப்பா நின்றார். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே இவரும் குளித்து, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கீலுக்கு எண்ணெய் விட்டு, கதவை அகலத் திறந்துவைத்து, பழத்தோடு நின்றார்.

பத்து மணி வாக்கில் ஆற்றுப் பக்கம் கார்ச் சத்தம் கேட்டது. ஆடு மேய்க்கிற வடிவம்மாள் வேலியோரமாக வந்தாள்.

"அண்ணாச்சி, பொறத்தால சுவரு இடிஞ்சு கெடக்க இடத்துல காரு ஒண்ணு நிக்கி. ஒரு பொம்பளையாளு இறங்குதாவ. நீரு இங்கன என்ன செய்யுதீரு?"

"அளக்க வந்த ஆளுவளா இருக்கும்."

"பைய நடந்து போயி பாத்துட்டு வந்தாத்தான் என்ன?"

"ராஜா வீட்டுப் பிள்ளை சுவரு இடிஞ்ச வழியா வருமாக்கும்? போ, போயி ஆட்டைப் பாரு."

பாருங்கள் இந்த மனுஷனை. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கோட்டைவாசல் தெருவில் கார் திரும்ப இடம் கிடையாது. ஆற்றோரம் புதுத் தார்ரோடு போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும், அவர் நகர்ந்த நேரம் பார்த்து அவர்கள் வந்துவிட்டால்? அந்தப் பயம்தான். வெயில் ஏறியது, பசித்தது, அவர் சாப்பிடப் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலையில் சிவகணேஷ் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து மரங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து ஏன் வரலை?" என்று கேட்டார் சுவிசேஷமுத்து.

"யாரு வரலை? கோமதியம்மா பத்து மணிக்கே வந்தாச்சே. உம்மைத்தான் காணலை, இந்தப் புதருக்குள்ள எங்கன போயி தேட? உம்மகிட்ட ஒரு போனாவது இருக்கா, கூப்பிட? இந்தா, இந்த மரத்தடியிலதான் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாவ. பூவைப் பொறுக்கி கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டாவ. என்ன மரம்னு கேட்டாவ. எனக்கு எங்க தெரியும்? ரெண்டு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிட்டோம்."

அவர் கைகாட்டியது மகிழமரத்தை. பட்டையில் நாற்பத்தொன்று என்ற நம்பர் இன்னும் காயவில்லை.

சுவிசேஷமுத்து அந்த நம்பரை விரலால் தொட்டுப் பார்த்தார். "அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் குடும்" என்றார்.

மூன்று நாள் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "அம்மா, நான் தோட்டக்காரன் பேசுதேன். நேத்து நீங்க உக்காந்திருந்தது மகிழமரம். நீங்க பொறந்த அன்னைக்கு உங்க பேருக்கு நட்டது. நான்தான் குழி தோண்டினேன்."



"எனக்கு யாருமே சொல்லலையே" என்றாள் கோமதி. "அங்கேருந்து எழுந்திருக்கவே மனசு வரல. அந்த மரத்தைச் சுத்திப் பத்து சென்ட் மட்டும் நிறுத்திக்கலாமான்னுகூட யோசிச்சேன். எதுக்குன்னு கேட்டா சொல்ல எங்கிட்ட ஒரு காரணம் இல்ல. அதான் கையெழுத்துப் போட்டுட்டேன். தோட்டத்துல ஆளே இல்லைன்னாங்களே, நீங்க நேத்து அங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்மா."

"எங்க இருந்தீங்க?"

சுவிசேஷமுத்து திரும்பிக் கோட்டைவாசல் பக்கம் பார்த்தார். அங்கிருந்து மரத்தடிக்கு முந்நூறு அடி இருக்குமா? அதுகூட இருக்காது.