ஷஹாத்தா சுற்றிய வெள்ளை டேப்

எங்கள் கர்மூஸ் பேட்டையில் பிளம்பர் ஷஹாத்தா கால் வைக்காத வீடு கிடையாது. எனக்கு அவன் இரண்டு வழியில் உறவு. என் பெரியம்மா மகள் நயீமாவைக் கட்டியவன் என்பது ஒன்று. அவன் அப்பா மஹ்ரூஸும் என் அப்பாவும் ஒரே தாயிடம் பால் குடித்ததால் சகோதரர்கள் ஆனவர்கள் என்பது இன்னொன்று. அதனால் மச்சான் என்று கூப்பிடுவதா சகோதரன் என்று கூப்பிடுவதா என்று எங்களுக்குள் கடைசிவரை தீரவில்லை. நான் மேல்மாடி, அவன் எனக்கு நேர் கீழே.

பன்னிரண்டு வயதிலேயே சிகரெட் பிடித்தவன். இதயக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தபோதுகூட, “கடைசியில எனக்கும் குழாய் அடைப்புதான் வந்துச்சு பாத்தியா” என்று சிரித்தான். டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னார். விட்டேன் என்பான். ஒரு நாள் மாடிப்படியில் இருக்கும் தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் நயீமா ஒரு பாக்கெட்டைக் கண்டெடுத்தாள். அன்று படிக்கட்டில் நடந்த சண்டையை மூன்று மாடியும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டது.

“செத்துப் போறதுன்னா சொல்லிட்டுச் சாவுங்க! மீட்டர் பெட்டியில ஒளிச்சு வெச்சுச் சாகாதீங்க!” என்று கத்தினாள் நயீமா.

ஷஹாத்தாவுக்கு ரோசம் வந்துவிட்டது. “இனிமே நெருப்பு வெச்ச புகை என் வாய்க்குள்ள போச்சுன்னா நீ எனக்குத் தலாக்!” என்றான்.

எங்கள் ஆட்கள் மீன் விலைக்கும் இந்தச் சத்தியத்தைச் செய்வார்கள். டீக்கு நான்தான் காசு கொடுப்பேன் என்று சண்டை போடும்போதும் செய்வார்கள். சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். ஷஹாத்தா மறக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவன் முகம் செத்துப்போனதை நான் மேலிருந்து பார்த்தேன். மறுநாளே முஹர்ரம் பே என்ற பேட்டையில் இருக்கும் ஒரு கடைக்குப் போய் வேப் என்கிற மின்சிகரெட் வாங்கி வந்தான். அதில் நெருப்பு கிடையாது. பேட்டரி சூட்டில் திரவம் ஆவியாகும், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் இஸ்மாயிலியா ஊரில் இருக்கும் மகள் ரபாபுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. நயீமா போனாள். நாற்பது நாளில் வருகிறேன் என்றாள். நாற்பது கழிந்தது, கோடையும் கழிந்தது. அவன் போன் செய்தால் பின்னால் ஒரு குழந்தை அழும், “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவாள். எப்போது வருகிறாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டு, அவள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

தனியாகச் சமைத்தான். ஒருத்தருக்குப் பருப்பு சூப் எப்படி வைப்பது என்று அவனுக்குத் தெரியாது. நயீமாவின் பெரிய பானையில் வைத்து, வாரம் முழுக்க அதையே குடிப்பான். எனக்கும் ஒரு கிண்ணம் வரும். ஐந்தாம் நாள் சூப்புக்கு ஒரு வாசம் உண்டு, அதை நான் சொல்லப்போவதில்லை.

நவம்பர் நடுவில் எங்கள் கடலில் ஒரு புயல் கிளம்பும். துடைப்பம் என்று அதற்குப் பெயர், ஊரையே பெருக்கித் தள்ளும். அந்த வருடம் டிராம் தண்டவாளமே தெரியாத அளவுக்குத் தண்ணீர். அந்த நேரம் பார்த்து அவன் வேப்பில் காயில் என்கிற சூடேறும் கம்பிச்சுருள் கருகிப்போனது. இழுத்தால் எரிந்த துணி நாற்றம். காயில் மாற்றுவது எப்போதும் கடைக்காரன் வேலை. ஷஹாத்தா பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதோடு சரி. கடையோ ஷட்டரை இறக்கிவிட்டது. வீட்டில் புதுக் காயில் ஒன்று கைவசம் இருந்தது.

“ஊரு பூரா குழாய் மாத்தறவன், இந்த விரல்கட்டை சைஸு சாமானை மாத்தத் தெரியாதா” என்று தானே சொல்லிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தான். திரவம் நிற்கும் டேங்கைக் கழற்றி, மிச்சத் திரவத்தை டீ கிளாஸில் ஊற்றினான். அடிப்பாகத்தைத் திருகி எடுத்தான். பழைய காயிலைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை முடுக்கினான். புதுக் காயிலின் பஞ்சில் திரவம் ஊற வேண்டும் என்று கடைக்காரன் சொன்னதும் நினைவில் இருந்தது. சொட்டுவிட்டு, கிளாஸில் இருந்ததை டேங்கில் திரும்ப ஊற்றி மாட்டினான். ஒரு டீ போட்டுக் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தான். பிறகு இழுத்தான்.

தண்ணீர் வழியாகப் புகை இழுக்கும் ஷீஷா மாதிரி களகளவென்று சத்தம் வந்தது. ஆவி வரவில்லை, திரவம்தான் வாய்க்கு வந்தது. டேங்கின் அடியிலிருந்து ஒழுகி விரலெல்லாம் பிசுபிசுத்தது.

பிளம்பர் வீட்டில் ஒழுகல்! நாற்பது வருடம் அடுத்தவன் வீட்டு ஒழுகலை நிறுத்தியவன். பையிலிருந்து, குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை எடுத்தான். டேங்க் பேட்டரிப் பெட்டியோடு சேரும் மரையில் ஆறேழு சுற்று இழுத்துச் சுற்றினான். முறுக்கி மாட்டினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ரொம்பத் திருப்தி.

பொத்தானை அமுக்கினான். சூடு ஏறவில்லை. சின்னத் திரையில் ஒரு படம் வந்தது, அதன் குறுக்கே ஒரு கோடு. காயில் இல்லை என்று சொல்கிறது. இருக்கிற காயிலை இல்லை என்கிறதே! இன்னும் முறுக்கினான். கழற்றித் துடைத்தான். பேட்டரியை மாற்றினான். புதுக் காயிலே மோசம் என்று திட்டினான். மறுபடி அதே கோடு.

அஸர் தொழுகைக்குப் பிறகு முழங்கால் தண்ணீரில் நடந்து காபிக்கடைக்கு வந்தான். நானும் ஸக்லூலும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். ஸக்லூல் பழைய டிராம் கண்டக்டர், நாக்குக்கு டிக்கெட் கிடையாது.

“என்ன உஸ்தா, கையில புல்லாங்குழலைக் காணோம்?” என்றான் அவன். மேஸ்திரிகளை நாங்கள் உஸ்தா என்போம்.

“கெட்டுப் போச்சு.”

“கெட்டுப் போச்சா? பிளம்பரைக் கூப்பிடேன்.”

கடையே சிரித்தது. ஷஹாத்தா சிரிக்கவில்லை. வேப் வைக்கும் பையையே தடவிக்கொண்டிருந்தான்.

ஸக்லூல் இரக்கப்பட்டுத் தன் பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை உருவி நீட்டினான். “ஒண்ணே ஒண்ணு இழு. சத்தியம் பண்ணினா என்ன, பத்து ஏழைங்களுக்குச் சோறு போட்டா தீந்துபோகும்கறாங்க. இங்கயே நாலு பேர் ரெடியா இருக்கோம். நீ போய் அரிசி போடு.”

“தலாக் சொன்னவன்டா நான்.”

“அட, அவதான் இல்லையே! வீட்டுல இல்லாத பெண்டாட்டி எப்படிப் போவா?”

நான் ஸக்லூலின் காலை மிதித்தேன். வந்த வார்த்தை வந்ததுதான். ஷஹாத்தா அந்தச் சிகரெட்டை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு எழுந்துபோனான். பின்னாலேயே போகலாமா என்று நினைத்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் போகவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை அவனே எனக்குச் சொன்னான்.

வீட்டில் கரண்ட் இல்லை. அடுப்படியில் மெழுகுவர்த்தி ஏற்றி, காதிலிருந்த சிகரெட்டை எடுத்து மேசையில் வைத்தான். எதிரே அவள் நாற்காலி. மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. அவள் இல்லாத வீட்டில் யாருக்காக இந்தச் சத்தியம் என்று ஒரு நினைப்பு. இது ஒன்றுதான் அவளுக்கும் எனக்கும் நடுவில் மிச்சம் என்று இன்னொரு நினைப்பு. கடைசியில் கை தீப்பெட்டிக்குப் போனது. ஆனால் சொல்லாமல் செய்தால் மறுபடியும் மீட்டர் பெட்டிக் கதைதான். சொல்லிவிட்டுப் பற்றவைப்போம் என்று போனை எடுத்தான்.

“உம்மு ரபாப், என் கையில சிகரெட் இருக்கு.” ரபாபின் அம்மா என்றுதான் அவளைக் கூப்பிடுவான், அவளும் அவனை ரபாபின் அப்பா என்பாள்.



“ஏன், அந்த மெஷினு என்னாச்சு?” என்றாள் நயீமா.

“காயில் மாத்தினேன். மாத்தினதிலேருந்து உசிர் இல்ல.”

“யாரு, நீங்களே மாத்தினீங்களா?”

“ஆமா.”

“ஒழுகிச்சா?”

“ஒழுகிச்சு. நிறுத்திட்டேன்.”

“டேப் சுத்தினீங்களா?”

அவன் டேப் உருளையை எடுத்துப் பைக்குள் போட்டான்.

“சுத்தினீங்க! என் மூக்குக்கண்ணாடிக் காலுக்குச் சுத்தினீங்க, குக்கர் கைப்பிடிக்குச் சுத்தினீங்க. போன ரமதான்ல மொட்டை மாடி டிஷ் வயரு மரையில மழைத்தண்ணி இறங்கக் கூடாதுன்னு சுத்தினீங்களே, படம் வந்துச்சா?”

“வரல.”

“இரும்போட இரும்பு தொட்டாத்தானே கரண்ட் போகும்னு அன்னிக்கு டிஷ்காரன் தலையில அடிச்சுக்கிட்டான். பிரிங்க அதை.”

அவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தான்.

“அபூ ரபாப்,” என்றாள் அவள், குரல் தாழ்ந்திருந்தது. “ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லக் கூடாது. நான் இங்க வந்தப்புறம் எத்தனை குடிச்சீங்க?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அல்லாஹ் மேல?”

“அல்லாஹ் மேல. இதுதான் முதல்ல வாங்கினது, இதையும் பத்தவைக்கல.”

 பிறகு சொன்னாள், “நான் இங்க பள்ளிவாசல் ஷேக்கிட்ட கேட்டுட்டேன். கோவத்துல சொன்னது, தன்னையே தடுத்துக்கத்தான் சொன்னது, ஏழைங்களுக்குச் சோறு போட்டா போதும்னார்.”

“நீ எதுக்கு அதைப் போய்க் கேட்ட?”

“பின்ன? நீங்க எப்பவோ குடிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். உங்களை எனக்குத் தெரியாதா? நான் பெண்டாட்டியா இல்லையான்னே தெரியாம எப்படி பஸ் ஏறறது? வந்து எந்த அறையில படுக்கறது?”

அவன் கையில் டேப் பாதி பிரிந்து தொங்கியது. இத்தனை மாதமும் அவள் அங்கே அதையே யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். இவன் இங்கே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான். ஒருத்தரும் கேட்கவில்லை. ஷேக் சொன்னதுமே வந்திருக்கலாமே என்று அவனுக்குக் கேட்கத் தோன்றியது. அதற்குள் ஒரு குழந்தை வீறிட்டது, இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

“இருங்க,” என்றாள். எப்போதும்போல் வைத்துவிடவில்லை. போனை எங்கோ மெத்தைமேல் போட்டுவிட்டுப் போனாள்.

அவன் டேப்பை முழுக்கப் பிரித்து, மரையைத் தான் போட்டிருந்த நீள அங்கி கலாபியாவின் நுனியால் துடைத்து மாட்டினான். திரையில் கோடு போய், காயில் இருக்கிறது என்று காட்டும் எண் வந்தது. அப்படியென்றால் ஒழுகல் எங்கிருந்து? குப்பையிலிருந்து பழைய காயிலைத் தேடி எடுத்து மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் பிடித்தான். அதன் அடியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. வாஷர்! வாஷரைப் பழசோடு தூக்கிப் போட்டிருக்கிறான். வேறு பிளம்பர் எவனாவது இதைச் செய்திருந்தால் இவன் கர்மூஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பான். ஊசியால் நெம்பி எடுத்துப் புதியதில் போட்டான். ஒழுகவில்லை. இழுத்தான். புதினா ஆவி நெஞ்சு நிறைய வந்தது.

“வந்துருச்சு!” என்றான் போனில். கேட்க ஆளில்லை. அங்கே அறை மட்டும் கேட்டது. தண்ணீர் கொதிக்கும் சத்தம், ஒரு கதவு, நயீமாவின் செருப்பு, அவள் குழந்தையைத் தட்டும் தாளம். அவளுடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம்! அவன் போனை வைக்கவில்லை. காதில் அழுத்திக்கொண்டு மெழுகுவர்த்தி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

தூரத்தில் அவள் மகளிடம் சொன்னது கேட்டது: “உங்கப்பா ஒண்ணுகூடக் குடிக்கலையாம்டி.”

ரபாப் சிரித்தாள். “நீ நம்பறியாம்மா?”

நயீமா ஏதோ சொன்னாள். சரியாக அந்த நேரத்தில் இரண்டு குழந்தையும் சேர்ந்து அழுதன. என்ன சொன்னாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை.